உத்தரவாதத்தின் விலை

விலையுயர்ந்த மோட்டார் வண்டி ஒன்றைப் பற்றி உங்களிடம் பேசப்போகிறேன் என்றதும், "நாங்கள் பேருந்தில் செல்பவர்கள், எங்களுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று நீங்கள் எண்ணக்கூடும். நானும் பேருந்தில் செல்பவனே. முப்பத்தைந்து ஆண்டு கல்லூரியில் கணிதம் கற்பித்த எனக்கு ஒரு மிதிவண்டிக்கு மேல் சொந்த வாகனம் வாய்த்ததில்லை. ஆயினும், 2023ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு வண்டி என் உறக்கத்தைக் கெடுத்தது. அது என் மைத்துனருடைய வண்டி.

மைத்துனர் திருநெல்வேலியில் துணி மொத்த வணிகம் செய்பவர். ஒரு மருத்துவர் ஈராண்டு ஓட்டிய ஜெர்மானிய வண்டியை, கையிலிருந்த பணத்தோடு வங்கிக் கடனும் சேர்த்து முப்பது லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். ஓராண்டு சென்றது. ஒரு நாள் மாலை, கையில் ஒரு கடிதத்துடன் என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். செய்தவர்கள் கொடுத்த மூன்றாண்டு உத்தரவாதம் அடுத்த மாதம் முடிவடைகிறது. வரி உட்பட 1,80,000 ரூபாய் செலுத்தினால் மேலும் ஈராண்டுக்கு அதனை நீட்டித்துத் தருவோம். கெடு கடந்தால் இயலாது என்று கடிதம் சொல்லிற்று.

"அத்தான், நீங்கள் கணக்குப் படித்தவர்கள். கட்டலாமா, வேண்டாமா? ஒரே சொல்லில் சொல்லிவிடுங்கள்" என்றார்.

ஒரே சொல்லில் சொல்லத்தக்க வினா அன்று அது. முதலில், உத்தரவாதம் என்பது யாது என்று நாங்கள் இருவரும் தெளிய வேண்டியிருந்தது. வழக்கில் வாரண்டி என்று சொல்லும் இதனையும் இன்ஷூரன்ஸையும் ஒன்றெனக் கருதுவோர் பலர். வண்டி மரத்தில் மோதினால், திருடு போனால், வெள்ளத்தில் மூழ்கினால் ஈடு தருவது இன்ஷூரன்ஸ். வெளியிலிருந்து ஒரு தீங்கும் வாராமலே, தன்னுள் இருந்த குறையால் ஒரு பகுதி பழுதாகுமாயின், அதனைச் செம்மை செய்து தருவது உத்தரவாதம். தேயவே பிறந்த பொருள்களான டயர், பிரேக்குக் கட்டை, துடைப்பான் ரப்பர் முதலியன இரண்டிலும் அடங்கா. கடிதத்தோடு வந்த சிறிய எழுத்துத் தாளை உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு இருவரும் படித்தோம். நீர் புகுந்து கெட்டவை அடங்கா என்றும், குறித்த காலத்தில் குறித்த நிலையத்திலேயே பராமரிப்புச் செய்திருக்க வேண்டும் என்றும் அதில் கண்டிருந்தது. அந்த நிலையமோ மதுரையில் இருக்கிறது. போய்வர முந்நூறு கிலோமீட்டருக்கு மேல்.

இங்கே ஒன்றைச் சொல்லிச் செல்கிறேன். உதிரி உறுப்புகளையும் பழுதறியும் கருவிகளையும் வெளியிலுள்ள தொழிலாளிகளுக்குக் கிட்டவொட்டாமல் வைத்திருந்தார்கள் என்று கூறி, 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்தியப் போட்டி ஆணையம் 14 மோட்டார் நிறுவனங்களுக்குச் சேர்த்து 2,500 கோடி ரூபாய்க்கு மேல் தண்டம் விதித்தது. நிறுவனங்கள் வழக்காடச் சென்றன. வழக்கின் போக்கு எதுவாயினும், நம் தெருமுனைத் தொழிலாளி அவ்வண்டியின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கைகூப்பி அனுப்பிவிடுவதன் காரணங்களுள் ஒன்று இதனால் விளங்கும். மற்றொரு காரணம் வண்டியின் அமைப்பே.

அவ்வமைப்பை மதுரையில் இருபதாண்டு இத்தகைய வண்டிகளைப் பழுது பார்த்து, இப்போது தனியே பட்டறை வைத்திருக்கும் ஒருவர் எங்களுக்கு விளக்கினார். எளிய வண்டியில் எஃகுச் சுருள் வில் பாரத்தைத் தாங்குகிறது. என் மைத்துனரின் வண்டியில், ரப்பர்ப் பைகளில் அடைத்த காற்றே தாங்குகிறது. பள்ளமும் மேடும் உள்ளிருப்பவர்க்குத் தெரியாமற் போவது அதனால்தான். ஆனால் ரப்பர் முதுமை எய்தும் பொருள். வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் அதனை வெடிக்கச் செய்யும். மயிரிழை போன்ற ஒரு வெடிப்பு விழுந்தால், இரவெல்லாம் காற்றுக் கசிந்து, காலையில் வண்டி ஒரு மூலையில் குந்தியிருக்கும். பொத்தானை அமுக்கியதும் காற்றழுத்தி இயங்கி அதனைத் தூக்கி நிறுத்திவிடும். உரிமையாளரும் வண்டி நன்றாயிருக்கிறது என்று மகிழ்ந்து ஓட்டிச் செல்வார். சிறிது நேரமே ஓடுவதற்கென அமைந்த அந்த அழுத்தி, கசிவை ஈடுசெய்ய ஓயாது ஓடி ஒரு நாள் கருகிப் போகும். ஆயிரங்களில் தொடங்கிய பழுது லட்சங்களில் முடியும். "காலையில் வண்டி சாய்ந்து நிற்கிறதா என்று வாயிலில் கோலம் போடுபவர்களைக் கேளுங்கள், அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்" என்றார் அந்தத் தொழிலாளி. நான் கேட்ட பொறியியல் விரிவுரைகளுள் இது சிறந்தது.

அவரிடமே மதிப்பீடும் கேட்டோம். ஈராண்டுக்குள் காற்றுத் தாங்கிகள் கெட ஐந்தில் ஒரு பங்கு வாய்ப்பு. செலவு 3 லட்சம். தானியங்கிக் கியர்ப்பெட்டி கெட இருபதில் ஒரு பங்கு வாய்ப்பு. செலவு 6 லட்சம். சில்லறைப் பழுதுகள் எப்படியும் 30,000. இவை ஒருவருடைய அனுபவ மதிப்பீடுகளே. ஆயினும் விற்பவர் சொல்லும் கதைகளினும் நம்பத்தக்கவை.

இனிக் கணக்கு எளிது. 3 லட்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு 60,000. 6 லட்சத்தில் இருபதில் ஒரு பங்கு 30,000. சில்லறை 30,000. ஆகச் சராசரி எதிர்பார்ப்பு 1,20,000. கேட்கும் விலையோ 1,80,000. எஞ்சிய 60,000 நிறுவனத்தின் செலவுக்கும் ஊதியத்துக்கும் செல்கிறது. அன்றியும், முரட்டுத்தனமாக ஓட்டுபவரும், தம் வண்டியில் ஏதோ ஓசை கேட்கிறது என்று ஐயுறுபவருமே இத்தகைய நீட்டிப்பை முந்தி வாங்குவர். அவர்களால் வரும் செலவை நினைத்தே விலை வைக்கப்படுகிறது. மெல்ல ஓட்டுபவன் அவர்களுக்காகவும் கட்டுகிறான். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாத சந்தை எவ்வாறு கோணுகிறது என்பதைப் பழைய மோட்டார் வண்டிகளையே சான்றாக வைத்து 1970இல் எழுதிய ஜார்ஜ் அக்கர்லாஃப், 2001இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் என்பது பொருளாதாரம் பயிலும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

"அப்படியானால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அத்தான்" என்று எழுந்தார் மைத்துனர். நானும் ஏறக்குறைய அவ்வாறே சொல்லியிருப்பேன். அப்போது எனக்குக் காயஸ் என்னும் வணிகன் நினைவுக்கு வந்தான்.

காயஸ் உண்மையில் வாழ்ந்தவன் அல்லன். ஸ்விட்சர்லாந்துக் கணித அறிஞர் டேனியல் பெர்னூலி, 1738ஆம் ஆண்டு செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து அறிவியற் கழக வெளியீட்டில் இலத்தீன் மொழியில் எழுதிய கட்டுரையில் படைத்துக்கொண்ட மாந்தன். அவன் ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்கியிருக்கிறான். பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தால் அது 10,000 ரூபிளுக்கு விற்கும். அந்தப் பருவத்தில் நூறு கப்பல் புறப்பட்டால் ஐந்து மூழ்கிவிடும். காப்புறுதி செய்ய 800 ரூபிளுக்குக் குறைந்து கேட்பார் இல்லை. சராசரி இழப்போ 500தான். 800 கொடுக்கலாமா?

பெர்னூலி "ஆம்" என்றோ "இல்லை" என்றோ விடை கூறவில்லை. இந்தச் சரக்கு நீங்கலாகக் காயஸிடம் வேறு எவ்வளவு செல்வம் இருக்கிறது என்று கேட்டார். ஒரு ரூபிள் எல்லார்க்கும் ஒரே மதிப்புடையது அன்று. நூறு உள்ளவன் இழக்கும் ஒன்று, பதினாயிரம் உள்ளவன் இழக்கும் நூற்றுக்குச் சமம். அவ்வழியே கணக்கிட்டு, காயஸிடம் 5,043 ரூபிளுக்குக் குறைவாக இருந்தால் காப்புறுதி செய்வதே தக்கது, மிகுதியாக இருந்தால் தேவையில்லை என்று காட்டினார். அதே ஒப்பந்தத்தை மறுபுறத்தில் நின்று ஏற்பவனிடம் குறைந்தது 14,243 ரூபிளாவது இருக்க வேண்டும் என்றும் கணித்தார். ஆகவே விற்பவனும் வாங்குபவனும் இருவருமே அறிவுடையோராய் இருக்கக்கூடும். இதனை மடக்கைப் பாடம் நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். திண்ணையில் எழுத நேரும் என்று எண்ணியதில்லை.

மைத்துனரின் வண்டிக்கும் அவ்வாறே போட்டுப் பார்த்தேன். பெரிய பழுதுகள் இரண்டும் ஒருங்கே வாரா என்று கொண்டால், கையிருப்பு ஏறத்தாழ 6,70,000 ரூபாய்க்கு மேற்பட்டவர் நீட்டிப்பு வாங்க வேண்டியதில்லை. குறைந்தவர் வாங்குவதே நன்று. (வீட்டையும் கடையையும் ஈட்டும் திறனையும் கூடச் செல்வத்தில் சேர்க்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. வீட்டை விற்றுக் கியர்ப்பெட்டி வாங்குபவர் இல்லை ஆகையால் நான் சேர்க்கவில்லை.)

தாளைக் கீழே வைத்துவிட்டு, "இப்போது நீ சொல்ல வேண்டும். உடனே எடுக்கக்கூடிய பணம் உன்னிடம் எவ்வளவு இருக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் விடை கூறவில்லை. தெருவில் நிறுத்தியிருந்த வண்டியைப் பார்த்தார். உள்ளே அடுக்களைப் பக்கம் பார்த்தார். முப்பது லட்சத்து வண்டியில் வந்து இறங்கும் ஒருவரை அவர் அக்காள் வீட்டில் எவரும் அதுவரை அவ்வினாக் கேட்டதில்லை.

"மகளின் மூன்றாமாண்டுக் கட்டணத்துக்கென்று வைத்திருப்பதையும் சேர்த்தா, சேர்க்காமலா?" என்றார்.

"சேர்த்தே சொல்."

"நாலு லட்சம்."

அவர் கண் கலங்கிற்று என்று நான் சொல்லமாட்டேன். குரல் மட்டும் தாழ்ந்தது. ஆறு லட்சத்துப் பழுது வந்தால், கையில் நாலு லட்சம் உடையவருக்குப் பெர்னூலியின் சூத்திரமே விடை தர மறுத்துவிடும். சுழியத்துக்குக் கீழே மடக்கை இல்லை. கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, "வண்டியை விற்றுவிட்டால் என்ன, தம்பி?" என்றாள். கணித அறிஞர்கள் எவரும் எழுப்பாத வினா அது. அவர் தந்த விடையும் நான் எதிர்பாராதது. "சூரத்திலிருந்து தொண்ணூறு நாள் கடனில் சரக்கு அனுப்புகிறார்கள், அக்கா. அவர்கள் ஆள் வரும்போது ரயிலடிக்கு இந்த வண்டிதான் போகிறது. வண்டி போய்விட்டது என்று தெரிந்தால் தொண்ணூறு நாள் முப்பதாகிவிடும்."

ஆடம்பரம் என்று நான் உள்ளூர இகழ்ந்திருந்த வண்டி, அவர் கடையின் தூண்களுள் ஒன்று என்பதை அன்றுதான் அறிந்தேன். நீட்டிப்பு வாங்குவதென்று முடிவாயிற்று. கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு பணம் கட்டினார்.

அடுத்த திங்களே, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த பெருமழையை நெல்லை, தூத்துக்குடி மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செண்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. மைத்துனரின் தெரு சந்திப்பை அடுத்த தாழ்வான பகுதி. விடியுமுன் தொலைபேசியில் அழைத்தார். "அத்தான், தண்ணீர் சக்கரத்தில் பாதிக்கு ஏறிவிட்டது. வண்டியைக் கிளப்பி மேட்டுக்குக் கொண்டுபோகட்டுமா?"

மதுரைத் தொழிலாளி சொன்னது என் நினைவில் இருந்தது. காற்றை அமுக்கவே அமைந்தது எஞ்சின். காற்றோடு நீர் உள்ளே சென்றால், நீர் அமுங்காது. அமுக்க முயலும் இரும்புத் தண்டே வளையும். அதற்கு உத்தரவாதம் பொறுப்பேற்காது. எஞ்சின் காப்பு என்று தனியே சேர்த்திராவிட்டால், இன்ஷூரன்ஸிலும் அது தொல்லையான வழக்காகும். "பொத்தானைத் தொடாதே, கணக்குப் புத்தகங்களை மட்டும் மாடிக்கு எடுத்துப் போ" என்றேன். தண்ணீர் வடிந்தபின் வேறொரு வண்டியில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினார்கள். தரைவிரிப்பும், இருக்கையின் கீழிருந்த மின்கருவி ஒன்றும் கெட்டிருந்தன. அவற்றுக்கு இன்ஷூரன்ஸ் ஈடு கொடுத்தது. எஞ்சின் பிழைத்தது. கடையில் நனைந்த துணிக்கு ஆன இழப்பு வேறு கதை.

ஈராண்டு முடிந்தது. அந்த உத்தரவாதத்தின் பேரில் மாற்றப்பட்டது, கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் ஒன்றே. காற்றுத் தாங்கிகள் கசியவில்லை. கியர்ப்பெட்டி முனகவும் இல்லை. "ஒரு மோட்டாருக்கு 1,80,000 கொடுத்தோமே, அத்தான்" என்று மைத்துனர் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பார். கப்பல் கரை சேர்ந்த பிறகு காயஸும் இவ்வாறு சிரித்திருப்பான் என்று எண்ணிக்கொள்வேன்.

இப்போது மறுபடியும் ஒரு கடிதம் வந்திருக்கிறது. வண்டிக்கு வயது ஐந்து. இன்னும் ஓராண்டு நீட்டிக்க 2,30,000 ரூபாய் கேட்கிறார்கள். மகள் படிப்பை முடித்து வேலைக்குச் செல்கிறாள். வங்கிக் கடனில் பெரும்பகுதி அடைந்துவிட்டது. எல்லைக்கோடு இம்முறை வேறிடத்தில் விழும். ரப்பருக்கும் ஈராண்டு கூடியிருக்கிறது. மதுரைத் தொழிலாளியிடம் புதிய மதிப்பீடு கேட்டு வாங்கியிருக்கிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை பாஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருவதாக மைத்துனர் சொல்லியிருக்கிறார்.