பீடியும் பிரிமியமும்

(பஞ்சாயத்து உறுப்பினர்கள் பயிற்சி முகாமில் நிகழ்த்திய பேச்சு)



ஆயுள் இன்ஷியூரன்ஸ் என்றதும், "நான் கண்ணை மூடிய பிறகு வரும் பணம் எனக்கு எதற்கு?" என்று கேட்கும் அன்பர்கள் நம் கிராமங்களில் இன்றும் உண்டு. அவர்களுக்கு விடை கூறுவது நமது நோக்கமன்று. கடனும் படிக்கும் பிள்ளைகளும் உடைய குடும்பத் தலைவன் அதைத் தானே அறிவான். ஒரே வயதுடைய இருவரில் ஒருவருக்குப் பிரிமியம் குறைவாகவும் மற்றவருக்கு அதிகமாகவும் இருப்பது ஏன் என்பதையே இங்கு ஆராய எண்ணுகிறோம்.

கணக்கு எளிது. ஒரே வயதுடைய 1,000 பேர் ஒன்றுகூடி, அவ்வாண்டில் இறப்பவர் குடும்பத்துக்கு 1 லட்சம் ரூபாய் அளிப்பதென்று தீர்மானிப்பதாக வைத்துக்கொள்வோம். 2 பேர் இறக்கக்கூடும் என்று எதிர்பார்த்தால், ஆளுக்கு 200 ரூபாய் போட்டால் போதும். 4 பேர் என்றால் 400 ரூபாய் வேண்டும். நிர்வாகச் செலவு வேறு. ஆகவே, விரைவில் இறக்கக்கூடியவர் அதிகமாகச் செலுத்தாவிடில், அந்தப் பாரம் ஏனையோர் தலையில் விழும்.

நெடுங்காலம் வயதும் நோயுமே முக்கியமாகப் பார்க்கப்பட்டன. 1964-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவரது அறிக்கை, புகைபிடித்தலால் நுரையீரல் புற்றுநோய் உண்டாகிறதென்று கூறிற்று. அவ்வாண்டிலேயே அந்நாட்டின் ஸ்டேட் மியூச்சுவல் கம்பெனி, சிகரெட் பிடிக்காதவர்களுக்குப் பிரிமியத்தைக் குறைத்தது. பிரிட்டிஷ் டாக்டர்களை 1951 முதல் 50 ஆண்டுகள் கவனித்து வந்த ஆராய்ச்சியின் முடிவு 2004-ல் வெளியாயிற்று. புகைபிடிப்போர் சராசரியாக 10 ஆண்டுகள் முன்னதாக இறக்கின்றனர். 40 வயதில் விட்டொழித்தவர் அதில் 9 ஆண்டுகளையும், 50 வயதில் விட்டவர் 6 ஆண்டுகளையும் மீட்டுக்கொள்கின்றனர்.

நம் நாட்டிலும் இறப்புக்கு மட்டும் பணம் தரும் டெர்ம் பாலிசிகள் பலவற்றில் புகைபிடிப்போருக்கு ஒரு விகிதம், மற்றவர்க்கு ஒரு விகிதம் என்று உண்டு. குறைந்த விகிதம் கேட்போரின் சிறுநீரைச் சோதித்து, நிகோட்டின் உடலில் மாறி உண்டாகும் கோட்டினைன் என்னும் பொருள் இருக்கிறதா என்று பார்ப்பதுண்டு. "பீடிதானே, சிகரெட் இல்லையே" என்ற வாதம் அங்கே செல்லாது. வெற்றிலையோடு புகையிலை போடுவோருக்கும் அப்பொருள் தென்படும். தாய்மார்களும் இதைக் கவனிக்க வேண்டும். மிகுந்த குடி, உடற்பருமன், இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றுக்கும் கூடுதல் பிரிமியம் கேட்கலாம்; பாலிசியையே மறுக்கவும் கூடும்.

இவற்றினும் பெரிய அபாயம் மறைத்தல். நாம் அறிந்த ஒரு கிராமத்தில், ஏஜெண்டு விண்ணப்பத்தின் கேள்விகளுக்கெல்லாம் "இல்லை" என்றே எழுதிவிட்டார். விவசாயி படிக்காமல் கையொப்பமிட்டார். இரண்டாம் ஆண்டில் மாரடைப்பால் காலமானார். ஆஸ்பத்திரிக் குறிப்பிலோ இருபது வருடப் பீடிப் பழக்கம் என்று எழுதியிருந்தது. கட்டிய பிரிமியம் மட்டும் திரும்பி வந்தது. அந்தக் கடிதத்தை அவர் மனைவி பஞ்சாயத்து அலுவலகத்துக்குக் கொண்டுவந்து, "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். படித்துச் சொல்வதற்கு நமக்கு நா எழவில்லை. உண்மையை எழுதியிருந்தால் சற்று அதிகப் பிரிமியம் ஆகியிருக்கும், அவ்வளவே.

2015-ல் திருத்தப்பட்ட இன்ஷியூரன்ஸ் சட்டத்தின் 45-ஆம் பிரிவின்படி, 3 ஆண்டுகள் கடந்த பாலிசியை எக்காரணம் கொண்டும் கேள்விக்குள்ளாக்க இயலாது. ஆனால் பிரிமியம் கட்டத் தவறிக் காலாவதியான பாலிசியைப் புதுப்பித்தால், அந்த 3 ஆண்டுகள் புதுப்பித்த நாளிலிருந்து மீண்டும் எண்ணப்படும். ஆகையால் தவணை மாதத்தை அறுவடைக்குப் பின் வருமாறு கேட்டுப் பெறுவது நலம்.

பழக்கம் எதுவாயினும் ஒரே பிரிமியம் உள்ள திட்டமும் உண்டு. 2015-ல் தொடங்கிய பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா திட்டத்தில் 18 முதல் 50 வயது வரையுள்ளோர் வங்கி அல்லது தபாலாபீஸ் கணக்கு மூலம் சேரலாம். 2022-ல் நிர்ணயித்தபடி ஆண்டுக்கு 436 ரூபாய். இறந்தால் 2 லட்சம் ரூபாய்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வார்டில் எழுதப் படிக்க இயலாதவர் விண்ணப்பத்தில் கைநாட்டு வைக்குமுன், கேள்வியையும் எழுதப்பட்டிருக்கும் விடையையும் ஒவ்வொன்றாக உரக்கப் படித்துக் காட்டுங்கள். புதுப்பிக்கும் படிவத்திலும் உடல்நிலை பற்றிய கேள்விகள் வரும். அதையும் அவ்வாறே படியுங்கள்.