தண்ணீர் போய் வரும், உப்பு போகாது



மழை எப்படிப் பெய்கிறது என்பது வயலில் பாடுபடுகிறவர்களுக்குப் புதிய விஷயமல்ல. வெயிலில் கடலும் குளமும் ஆவியாகின்றன. ஆவி மேகமாகி, குளிர்ந்து மழையாகிறது. ஒரு பகுதி ஆற்றோடு போகிறது. ஒரு பகுதி மண்ணில் இறங்கிக் கிணற்றில் ஊறுகிறது. பள்ளிப் பிள்ளைகள்கூட இதைச் சொல்வார்கள். ஆனால் இது பாதிப் பாடம்தான். மேலே போவது தண்ணீர் மட்டுமே. அதில் கரைந்திருந்த உப்பு கீழேயே தங்கிவிடுகிறது. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளி எவரும் இதை நமக்குக் கற்றுக்கொடுப்பார். கடல் கரிப்பதும் இதனால்தான். ஆறுகள் பாறையைக் கரைத்துக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக உப்பைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கின்றன.

இதை நொய்யலில் வைத்துப் பார்ப்போம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியே ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேருகிற ஆறு அது. மலையின் மழை மறைவில் கிடக்கும் வறண்ட பூமி. அடியில் கடினப் பாறை. அதன் வெடிப்புகளிலும், மேலே பொடிந்துபோன பகுதியிலும்தான் ஊற்று நிற்கிறது. அங்கே உப்பு இறங்கிவிட்டால் அலசிக்கொண்டு போகப் போதிய மழை கிடையாது.

பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்புப் போட வேண்டும் என்பது பட்டறைத் தோழர்களுக்குத் தெரியும். அடர்ந்த நிறமானால் லிட்டருக்கு 60, 80 கிராம்கூடப் போவதுண்டு. கடல்நீரிலேயே சுமார் 35 கிராம்தான்! அந்த உப்பு துணியில் தங்குவதில்லை. அப்படியே கழிவில் வந்துவிடுகிறது. பல ஆண்டுகள் அதை ஆற்றில் விட்டார்கள். பாசனத்துக்கென்று 1990-களின் தொடக்கத்தில் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுத் தேக்கமாயிற்று. அணையைத் திறக்காதே என்று விவசாயிகளே சொல்லும் நிலை வந்தது.

ஏன் சொன்னார்கள்? கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கருக்கு 2 அங்குலம் தண்ணீர் கட்டினால் சுமார் 2 லட்சம் லிட்டர். லிட்டருக்கு 2 கிராம் உப்பு இருந்தால், ஒரே பாய்ச்சலில் 400 கிலோ! தண்ணீர் ஆவியாகும், பயிர் குடிக்கும். உப்பு வயலிலேயே கிடக்கும். உப்பு மிஞ்சினால் வேர் நீரை இழுக்க முடியாது. மண் ஈரமாக இருக்கும்போதே பயிர் வாடும். களிமண் இறுகிப்போகும்.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. ஆற்றில் உப்பை விடலாமென்று முடிவு செய்தவர்கள் தொழிலாளர்கள் அல்ல. ஆனால் பட்டறை மூடியதும் கூலி நின்றது அவர்களுக்கு. கிணறு கெட்ட ஊரிலும் முதலில் வேலை இழந்தவர்கள் நிலமில்லாத கூலிக்காரர்களே. இந்த இருவரையும் ஒருவருக்கொருவர் விரோதிகள் என்று பேசுவது பெரிய புரட்டு.

கழிவை வெளியே விடாத ஏற்பாடு வேண்டும் என்பது சட்டம். கழிவைச் சவ்வு வழியே அழுத்தி நீரைப் பிரிக்கிறார்கள். மிச்சத்தைக் காய்ச்சி உப்பெடுக்கிறார்கள். மின்சாரமும் விறகும் நிறையச் செலவாகிற வேலை. தண்ணீர் மறுபடி பட்டறைக்குப் போகிறது. உப்பிலும் ஒரு பங்கு சாயத்தொட்டிக்கே திரும்புகிறது. சுத்திகரித்தாயிற்று என்று சொல்கிறவரிடம் உப்பு எங்கே என்று நாம் கேட்டுப் பார்க்கலாம். பலவகை உப்பும் கலந்து எதற்கும் ஆகாத மிச்சம் மூட்டை மூட்டையாய்க் கொட்டகையில் கிடக்கிறது. கூரை ஒழுகி ஒரு மழை அதில் இறங்கினால், அது மறுபடியும் கிணற்றுக்குப் புறப்பட்டுவிடும்.