பகிஷ்காரம் யார் செய்வது?

(தஞ்சை ஜில்லாக் கூட்டமொன்றில் பேசியது)



இன்று நம்மைப் பேசச் சொல்லியிருக்கும் விஷயம் கடை பகிஷ்காரம். டீக்கடையில் ஊர்க்காரருக்கு ஒரு குவளை, சேரிக்காரருக்கு ஒரு குவளை என்று வைத்திருக்கிறார்களே, அந்தக் கடையைச் சேரிக்காரர் பகிஷ்கரித்தால் என்ன என்று வாலிபர்கள் சிலர் கேட்டார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அதில் ஒரு பிசகு இருக்கிறது. அதைச் சொல்லுவதற்கு முன் அமெரிக்காவில் நடந்த காரியமொன்றைச் சொல்லுகிறோம். டீக்கடைக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காமல் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

அந்நாட்டில் பந்தும் மட்டையும் விற்கிற கடையிலேயே துப்பாக்கியும் விற்பார்கள். 2018 பிப்ரவரி 14இல் புளோரிடா மாகாணத்தில் பார்க்லாண்டு என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாலிபன் 17 பேரைச் சுட்டுக் கொன்றான். அதே மாதம் 28இல் டிக்ஸ் என்னும் பெரிய விளையாட்டுச் சாமான் கம்பெனி, பட்டாளத்துத் துப்பாக்கி மாதிரியானவற்றை இனி விற்பதில்லை, 21 வயது ஆகாதவருக்கு எந்தத் துப்பாக்கியுமே விற்பதில்லை என்று அறிவித்தது. உடனே துப்பாக்கிக்காரர்களில் பலர் இனி அந்தக் கடைப் படியை மிதிப்பதில்லை என்று கிளம்பினார்கள். அந்தக் கொள்கையால் ஏறக்குறைய 25 கோடி டாலர் வியாபாரம் போயிற்றென்று கம்பெனித் தலைவரே 2019இல் சொன்னார். சொன்னாரேயொழியக் கொள்கையை மாற்றவில்லை.

இதற்கும் முந்தியது ஸ்மித் அண்டு வெஸ்ஸன் என்ற துப்பாக்கிக் கம்பெனியின் கதை. 2000ஆம் வருஷத்தில் அது கிளிண்டன் சர்க்காரோடு, துப்பாக்கிக்குப் பூட்டு வைப்பது, விற்பனையில் சில கட்டுப்பாடு செய்வது என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டது. துப்பாக்கிக்காரர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். 1987இல் 11 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கப்பட்ட அந்தக் கம்பெனி, கடன் பொறுப்பு நீங்கலாக, 2001இல் ஒன்றரைக் கோடி டாலர் ரொக்கத்துக்குக் கைமாறிற்று.

அவர்கள் கேட்டது நியாயமா? பள்ளிப் பிள்ளைகள் சாகாமலிருக்கத் தன் லாபத்தில் கொஞ்சம் விட்ட கடைக்காரரைத் தண்டிப்பது யோக்கியமான காரியமல்ல என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் நாம் பார்க்க வேண்டியது வேறு. பகிஷ்காரம் செய்தவர்களுக்கு என்ன நஷ்டம்? ஒன்றுமில்லை. கோபம் வந்தவர் காரை அடுத்த தெருக் கடைக்கு ஓட்டினால் தீர்ந்தது. அவர் கூலி போகாது, குடிசை போகாது, அவரை யாரும் கூப்பிட்டு மிரட்டவும் முடியாது. கையில் காசும் பக்கத்தில் வேறு கடையும் உடையவனுக்குத்தான் பகிஷ்காரம் சுலபமான ஆயுதம்.

நம் ஜில்லாவைப் பாருங்கள். அநேக கிராமத்தில் டீக்கடைக்காரரே மளிகையும் வைத்திருப்பார். அறுப்பு முடிந்து அடுத்த நடவு வருகிற வரையில் கூலிக்காரன் வீட்டு அடுப்பு எரிவது அவருடைய கடன் நோட்டில். கடைக்கு இடம் கொடுத்தவர் நிலக்காரர். கூலி கொடுப்பவரும் அவரே. அறுப்புக்கு இயந்திரம் வந்துவிட்டபடியால், "நாளை முதல் வராதே" என்று சொல்லுவது அவருக்கு முன்னைவிடச் சுலபம். இந்த மனிதனைப் பார்த்து, நீ கடைக்குப் போகாதே என்று மேடைமேலிருந்து சொல்ல நமக்கு நா எழவில்லை.

அன்றியும், பகிஷ்காரம் என்பதை இங்கு அதிகமாய்ச் செய்து வந்தவர்கள் யார்? ஊர் விலக்கு என்பது என்ன? அவனுக்குச் சாமான் விற்காதே, வேலை கொடுக்காதே, நாவிதன் போகாதே, வண்ணான் போகாதே என்பதுதானே! வெண்மணியில் கூலிக்காரர் கேட்டது அரைப்படி நெல். வந்த பதில், உள்ளூர் ஆளை விலக்கி வெளியூர் ஆளைக்கொண்டு அறுப்பது. அந்தத் தகராறு 1968 டிசம்பர் 25 இரவில் எங்கே போய் முடிந்தது? துப்பாக்கியோடு வந்தவர்களுக்குப் பயந்து ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர் அங்கேயே எரிந்து சாம்பலானார்கள். துப்பாக்கிக்காரரின் பகிஷ்காரத்தைப் பார்க்க நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை.

இப்பொழுது பிசகு எதுவென்று சொல்லுகிறோம். டீக்கடைக்காரரைத் தனியே கூப்பிட்டு, ஏனய்யா இரண்டு குவளை என்று கேட்டுப் பாருங்கள். "எனக்கென்ன ஆசையா? ஒரே டம்ளர் வைத்தால் ஊர்க்காரர் வரமாட்டார்கள்" என்பார். அதாவது அங்கே ஒரு பகிஷ்காரம் ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறது! நோட்டீஸ் இல்லை, தீர்மானம் இல்லை. ஊர்க்காரர் வராமற்போய்விடுவார் என்ற பயமொன்றே இரண்டாவது குவளையைக் காப்பாற்றுகிறது. முன்பு கொட்டாங்கச்சி, பிறகு தனிக் குவளை, சட்டம் கேட்கும் என்றவுடன் சில ஊர்களில் அவர்களுக்குக் காகிதக் கப்பு, இவர்களுக்குக் கண்ணாடி டம்ளர். கேட்டால் சுகாதாரமாம்! அப்படியானால் அந்தச் சுகாதாரம் ஊர்க்காரர் வாய்க்கு வேண்டாமா?

ஆகவே கடைக்குப் போகமாட்டேன் என்று சொல்ல வேண்டியவர் கண்ணாடி டம்ளரில் குடிக்கிறவர். இந்தக் கூட்டத்தில் அவர்களே அதிகம் என்பது நமக்குத் தெரியும். உங்களில் பத்துப் பேர் நாளைக் காலையில் போய், "அவருக்குக் கொடுக்கிற பாத்திரத்தில் எனக்கும் கொடு, இல்லாவிட்டால் டீ வேண்டாம்" என்று சொல்லி ஒரு வாரம் நின்று பாருங்கள். பத்து வாடிக்கை போனால் கடைக்காரருக்குப் பாலும் மிஞ்சும், சங்கதியும் விளங்கும். உங்களுக்கு என்ன நஷ்டம்? ஒரு வேளை டீ. மாமனார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அவ்வளவுதான்.

சட்டமும் இருக்கிறது. கடையில் தீண்டாமை பாராட்டுவது 1955ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். தாழ்த்தப்பட்ட மக்கள்மேல் சமூகப் பகிஷ்காரமோ பொருளாதாரப் பகிஷ்காரமோ சுமத்துவதும், சுமத்துவேன் என்று மிரட்டுவதும், வன்கொடுமைச் சட்டத்தின் 2015ஆம் வருஷத் திருத்தத்தினால் குற்றமாயிற்று. அது 2016 ஜனவரி 26 முதல் அமுலில் இருக்கிறது. ஆனால் மனுக் கொடுத்தவனுக்கு மறுநாள் கூலி இல்லாவிட்டால் அவன் சட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? சாட்சிக்கு ஊர்க்காரர் ஒருவராவது வரவேண்டும்.

ஒரு தோழர் சீட்டுக் கொடுத்திருக்கிறார்: "எங்கள் ஊரில் நான் ஒருவன்தான் இதற்கு இசைவேன், ஒருவன் போய் என்ன ஆகும்?" என்று. ஒருவராகவே போங்கள். காகிதக் கப்பிலேயே கேட்டு வாங்கி, சேரித் தோழர் நிற்கிற இடத்தில் நின்று எல்லோரும் பார்க்கக் குடியுங்கள். ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள், அப்பொழுது சொல்லுங்கள். மனு எழுத வேண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைப் பக்கம் வாருங்கள். காகிதமும் பேனாவும் வைத்திருக்கிறோம். சாட்சிக் கையெழுத்துப் போடுகிற ஊர்க்காரர்களும் கூடவே வாருங்கள்.