குறிப்பேடு இல்லாத அட்டை



விளக்கக் குறிப்பு இல்லாத பொருளொன்று கைக்கு வந்தால் அதை என்ன செய்வது? மூலையில் போடுவதா, கண்டபடி திருகிப் பார்ப்பதா, அன்றி அதனிடமே முறையாகக் கேட்டு அறிவதா? பழைய கணினி ஒன்றை முன்வைத்து இதற்கு விடை காண்போம்.

1984-85ஆம் ஆண்டில் இந்திய அரசு, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினி அறிவு புகட்டும் பொருட்டுக் 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. முதற்கட்டமாக ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு, இங்கிலாந்தின் ஏகான் நிறுவனம் உருவாக்கிய பிபிசி மைக்ரோ கணினிகள் வழங்கப்பட்டன. அவ்வகை இயந்திரம் ஒன்று இப்போது சூலக்கரையில் என் மேசைமீது இருக்கிறது. பழம்பொருள் சேர்க்கும் நண்பர் ஒருவர் அளித்தது. அதனுள்ளே யாரோ செருகிய சிறு நினைவக அட்டை ஒன்றும் இருந்தது. அதில் இரண்டு சில்லுகள், ஒரு விசை, எதனோடும் இணையாமல் தொங்கும் ஒரு கம்பி. செய்தவர் பெயருமில்லை, குறிப்புமில்லை.

இவ்வட்டை எதற்கு வேண்டும்? இக்கணினியில் எழுதவும் அழிக்கவும் கூடிய நினைவகம் 32 கிலோபைட் மட்டுமே. நுண்ணிய படம் காட்டும் திரைமுறையைத் தேர்ந்தால் திரையே 20 கிலோபைட்டை எடுத்துக்கொள்ளும். எஞ்சியதில் மாணவன் எழுதும் நிரலுக்கு இடம் எவ்வளவு இருக்கும்!

இதன் 6502 செயலிக்கு 16 முகவரிக் கம்பிகள் உண்டு. ஆகையால் அது 65,536 இடங்களையே சுட்ட இயலும். அவற்றுள் 16 கிலோபைட் கொண்ட ஒரு பகுதியைச் சன்னல் எனக் கொள்ளுங்கள். அச்சன்னலுக்குப் பின்னே 0 முதல் 15 வரை எண்ணிட்ட 16 அறைகள் இருக்கலாம். ஒரு நேரத்தில் ஓர் அறையே தெரியும். எந்த அறை தெரியவேண்டும் என்பதை 65072 என்னும் முகவரியில் எழுதும் எண் தீர்மானிக்கும். நம் அட்டையும் அவ்வறைகளுள் ஒன்றில்தான் குடியிருக்க வேண்டும். ஆனால் எந்த அறையில்?

முதலில் கண்ணால் கேட்டோம். சில்லுகளின் முதுகில் 6264 என்றிருந்தது. அது 64 கிலோபிட். எட்டால் வகுத்தால் 8 கிலோபைட். இரண்டும் சேர்ந்து 16 கிலோபைட், அதாவது சரியாக ஓர் அறை.

அடுத்து, தொங்கும் கம்பி. அட்டை செருகியிருந்தது படிக்க மட்டுமே இயலும் நிலைநினைவகத்துக்குரிய செருகிடம். அங்கே எழுதும் வேலை இல்லாமையால் எழுது என்னும் ஆணையும் வந்து சேராது. மல்டிமீட்டரால் தொடர்ந்து பார்த்தபோது, அக்கம்பி சிறு சில்லொன்றைக் கடந்து நினைவகச் சில்லின் 27ஆம் காலில் சேர்ந்தது. எழுதும் ஆணையை ஏற்கும் கால் அதுவே. எனவே கம்பியின் மறுமுனை, செயலியில் அவ்வாணை புறப்படும் 34ஆம் காலின் தடத்தைச் சேரவேண்டும் என்று தெளிந்தோம்.

மூன்றாவதாக, நிரலால் கேட்டோம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. பேசிக் மொழியும் அதே சன்னலுக்குப் பின்னே ஓர் அறையில்தான் வாழ்கிறது. பேசிக்கில் இருந்துகொண்டே அறையை மாற்றினால், அமர்ந்திருக்கும் கிளையை வெட்டிய கதையாகும். ஆதலால் முதன்மை நினைவகத்தில் சிறிய இயந்திரமொழி நிரல் ஒன்றை வைத்து, குறுக்கீடுகளை நிறுத்தி, சோதனை முடிந்ததும் பேசிக்கின் அறைக்கே திரும்ப வேண்டும்.

அந்நிரலை அண்டை வீட்டுக் கல்லூரி மாணவி ஒருத்தி எழுதினாள். ஒவ்வோர் அறையிலும் அதன் எண்ணையே எழுது; பதினாறும் முடிந்தபின் திரும்பப் படி. இவ்வளவே. 2, 6, 10, 14 ஆகிய நான்கு அறைகளும் 14 என்றே விடை கூறின. "ஐயா, நான்கு அறைகளா கிடைத்தன?" என்று அவள் மகிழ்ந்தாள். "நான்கில் எழுதியும் கடைசி எண் மட்டும் நிற்பானேன்?" என்று கேட்டேன். சற்றுச் சிந்தித்து, "வீடு ஒன்று, வாசல் நான்கு!" என்றாள். அடிப்படைக் கணினியில் நான்கே செருகிடங்கள் இருப்பதால் அறை எண்ணின் கடைசி இரு பிட்டுகள் மட்டுமே கவனிக்கப்படுகின்றன என்பதை அவளே கண்டுகொண்டாள். விசையை மறுபக்கம் தள்ளியபோது புதிய எண் ஏறவில்லை. அது எழுதுவதைத் தடுத்து, உள்ளிருப்பதைக் காக்கும் பூட்டு.

மாணவர்களே, இதில் கவனிக்கத்தக்கவை மூன்று. ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றினோம். எந்த விடை வந்தால் என்ன பொருள் என்பதைச் சோதனைக்கு முன்பே எண்ணிவைத்தோம். கண்டதை அவ்வப்போது எழுதினோம்.

ஓர் எச்சரிக்கையும் கூறவேண்டும். சோதித்துப் பார்த்தல் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பட்டாசும் தீப்பெட்டியும் செய்யும் நம் சிவகாசிப் பகுதியில், பெயர் எழுதாத மருந்துக் கலவையை யாரும் சோதித்து அறிய முனையலாகாது. அங்கே முதற் பிழையே இறுதிப் பிழையாகிவிடும். கணினிச் சில்லுகளில் ஓடுவது 5 வோல்ட். எனினும் மின்வழங்கிப் பெட்டிக்குள் வீட்டு மின்சாரமே நுழைகிறது. ஆகவே அதைத் திறக்கலாகாது. மூடியைக் கழற்றுமுன் செருகியை உருவிவிட வேண்டும். சோதிக்கும் உரிமை, தவறினாலும் உயிருக்குத் தீங்கு நேராத இடத்தில் மட்டுமே உண்டு.

அட்டையைச் செய்தவர் ஒரு தாளில் நான்கு வரி எழுதி மூடியின் உட்புறம் ஒட்டியிருந்தால் எங்களுக்கு அத்தனை மாலைப்பொழுதுகள் தேவைப்பட்டிரா. அவர் அறிந்தது அவரோடு போயிற்று. நீங்கள் ஆய்வுக்கூடத்திலோ தொழிற்கூடத்திலோ ஒன்றைச் செய்து முடிக்கும்போது, பின்வருபவருக்காக அந்த நான்கு வரிகளையும் எழுதி வையுங்கள். அதுவரை வேலை முடிந்ததாகக் கொள்ளாதீர்கள்.