மதர்போர்டு பொருத்தம்

பக்கத்து வீட்டுத் தம்பி சொந்தமா கம்ப்யூட்டர் அசெம்பிள் பண்ணக் கிளம்பினான். தள்ளுபடி விலையில கிடைச்சுதுன்னு முதல்ல இன்டெல் 12ஆம் தலைமுறை பிராசஸர் வாங்கிட்டான். அப்புறம் ஒரு மதர்போர்டு. வீட்டுக்கு வந்து வச்சுப் பார்த்தா, உட்காரவே மாட்டேங்குது!

“என்ன அண்ணே இது?”ன்னு வந்து நின்னான்.

போர்டுல இருந்தது எல்ஜிஏ 1200 சாக்கெட். இந்த பிராசஸருக்கு வேண்டியது எல்ஜிஏ 1700. அந்த நம்பர், அடியில இருக்கிற தொடுபுள்ளிகளோட கணக்கு. 500 புள்ளி கூடுதல், எப்படி உட்காரும்?

சாக்கெட் சேர்ந்துட்டா மட்டும் போதுமா? எல்ஜிஏ 1700லேயே டிடிஆர்4 ராம் போடுற போர்டும் உண்டு, டிடிஆர்5 போடுறதும் உண்டு. ரெண்டு ராமுக்கும் 288 பின்தான். ஆனா நடுவுல இருக்கிற வெட்டு கொஞ்சம் தள்ளியிருக்கும். ஒண்ணோட இடத்துல இன்னொண்ணு இறங்காது.

ஏஎம்டி வாங்குறவங்க, பழைய ஏஎம்4 போர்டா இருந்தா, “இந்த பிராசஸருக்கு பயாஸ் அப்டேட் பண்ணியாச்சா?”ன்னு கடையிலேயே கேட்டுடுங்க. இல்லேன்னா பிராசஸர் அழகா உட்காரும், திரை மட்டும் கறுப்பாவே இருக்கும்.

தம்பி போர்டை மாத்திட்டு வந்தான். இந்தத் தடவை பெரிய ஏடிஎக்ஸ், 30.5 சென்டிமீட்டர் உயரம். அவன்கிட்ட இருந்த கேபினெட்டோ 24.4 சென்டிமீட்டர் மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டுக்கானது.

இப்போ கேபினெட்டைத் தூக்கிக்கிட்டு மறுபடியும் கடைக்குப் போயிருக்கான்.