டிராக்குக்குப் போற டயர்லதான் வீட்டுக்கும் வரணும்

ஸ்விஃப்ட், போலோ, ஐ20 வெச்சிருக்கிற சேலம், நாமக்கல் நேயர்கள்கிட்ட இருந்து ரொம்ப நாளா ஒரே கேள்வி. "ப்ரோ, டிராக் டேக்குப் போகப்போறேன், எந்த டயர் போடலாம்?" இன்னைக்கு அதைப் பேசிடுவோம். ஆனா டயர் கம்பெனி பேர்ல இருந்து ஆரம்பிக்கப் போறதில்ல, மேப்ல இருந்து ஆரம்பிக்கிறேன்.

நம்ம ஊர்ல டிராக் கிடையாது. பழக்கப்பட்ட டிராக்னா கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே, சேலத்துல இருந்து 160 கிலோமீட்டருக்கு மேல. இருங்காட்டுக்கோட்டைன்னா 300-ஐத் தாண்டும். வெளிநாட்டு யூடியூப் வீடியோக்கள்ல காரை டிரெய்லர்ல ஏத்திட்டு, தனியா ஒரு செட் டயரும் கொண்டு வருவாங்க. நம்ம ஆளு சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசின்னு அதே காரை ஓட்டிட்டுப் போகணும். நாள் பூரா டிராக்ல விரட்டணும். சாயங்காலம் அதே டயர்ல லாரிகளுக்கு நடுவுல திரும்பி வரணும், திங்கட்கிழமை அதே கார்ல ஆபீஸும் போகணும். அதனால அந்த வீடியோக்கள்ல சொல்ற பதில் நமக்குப் பாதிதான் பொருந்தும்.

சின்னதா ஒரு கிளைக்கதை. அந்த 'கரி' யாருன்னு நிறைய பேருக்குத் தெரியாது. எஸ். கரிவரதன், கோயம்புத்தூர்க்காரர். 80-கள் கடைசியில மாருதி 800 இன்ஜினை வெச்சே ஒற்றை இருக்கை ரேஸ் கார் செஞ்சு, ஃபார்முலா மாருதின்னு இந்தியப் பசங்களுக்குக் கட்டுப்படியாகிற ஒரு ரேஸ் வகையைக் கொண்டு வந்தவர். 1995-ல ஒரு சின்ன விமான விபத்துல இறந்துட்டார். வீட்டுல நிக்கிற மாதிரி ஒரு இன்ஜின்லயே ரேஸ் விடலாம்னு காட்டின மனுஷன் பேர்ல இருக்கிற டிராக்குக்கு, வீட்டுக் காரை எடுத்துட்டுப் போறது எனக்குப் பொருத்தமாத்தான் படுது.

சரி, டயரா முதல்ல? என் கருத்துல இல்ல, பிரேக். தொப்பூர் கணவாய் இறக்கத்துல லாரிக்குப் பின்னாடி போனவங்களுக்கு அந்தக் கருகின வாசனை தெரியும். கொல்லிமலையில 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தா நம்ம கார்லயும் அதே வாசனை வரும். டிராக்ல அது மூணாவது ரவுண்டுலயே வந்துடும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஆயிரம் கிலோ கார், 120 வேகத்துல இருந்து 60-க்கு ஒரு தடவை பிரேக் அடிச்சா வெளியேறுற சக்தி சுமார் 415 கிலோ ஜூல். ஒரு லிட்டருக்கு மேல தண்ணியைக் கொதிக்க வைக்கிற சூடு அது. ரவுண்டுக்கு நாலஞ்சு தடவை அடிப்பீங்க, நடுவுல ஆறவே நேரம் இருக்காது. சூடு டிஸ்க், பேட் வழியா பிரேக் ஆயிலுக்குப் போகும். அந்த ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். புது டாட் 4 ஆயிலோட கொதிநிலை குறைஞ்சது 230 டிகிரி இருக்கணும். ஈரம் ஏறினதுக்கு அப்புறம் அது 155 வரைக்கும் இறங்கலாம். கொதிச்சா குழாய்க்குள்ள ஆவிக்குமிழி. குமிழியை அமுக்க முடியும், ஆயிலை அமுக்க முடியாது. அதனால பெடல் அப்படியே தரை வரைக்கும் போகும்.

டயருக்கு வெச்சிருக்கிற பட்ஜெட்ல ஒரு சின்னப் பங்கு போதும். புது டாட் 4 இல்லேன்னா டாட் 5.1 ஊத்தி, நாலு வீல்லயும் காத்து எடுத்துடுங்க. டாட் 5-னு தனியா ஒண்ணு இருக்கு, அது சிலிகான். பேர் பக்கத்துல இருக்கேன்னு அதை ஊத்திடாதீங்க. பேட் பாதிக்குக் கீழ தேஞ்சிருந்தா அதையும் மாத்திடுங்க.

இப்போ டயர். நாமக்கல்ல இருந்து ஒருத்தர், அப்பா லாரி வெச்சிருக்கார், கேட்டார்: "எங்க பட்டறையிலயே சூப்பரா ரீட்ரெட் பண்ணுவாங்க, கார் டயருக்கும் பண்ணிக்கலாமா?" அருமையான கேள்வி. லாரி பாடி கட்டுறதுல பேர் வாங்கின ஊர்ல ரீட்ரெட்டைக் குறைச்சுச் சொல்ல முடியாது. லாரி டயரோட கேசிங்கே, மேல இருக்கிற ரப்பர் தேஞ்சா திரும்ப ஒட்டி ஓட்டுறதுக்குன்னு கனமா செஞ்சது. அது 60, 70 வேகத்துல பெரும்பாலும் நேரா உருளும். டிராக்ல கார் டயர் படுற பாடு வேற. வளைவுல மொத்த எடையும் வெளிப்பக்கத் தோள் மேல சாயும், ரப்பர் பக்கவாட்டுல இழுபடும், சூடு ஏறும். ஒட்டின இடம் பிரியறதுக்கு அது போதும். உங்க அப்பா லாரிக்கு ஓகே, உங்க ஸ்விஃப்ட்டுக்கு வேண்டாம் தம்பி.

புது டயர் வாங்குறப்போ விளம்பரத்தை விட்டுட்டு டயரோட பக்கவாட்டைப் படிங்க. 195/55 ஆர் 16 87 வி-ன்னு போட்டிருந்தா, 87-ங்கிறது ஒரு டயர் 545 கிலோ தாங்கும்னு அர்த்தம். 'வி' 240 கிலோமீட்டர் வேகம் வரைக்கும், 'எச்' 210, 'டி' 190. நீங்க 240-ல போகப்போறதில்லதான், ஆனா அந்த எழுத்து டயர் சூட்டைத் தாங்குற திறனையும் சொல்லுது. அப்புறம் நாலு இலக்கத் தேதி. 2319-னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. சேலத்துல ஒரு கடையில நாலு வருஷப் பழசை "ஃப்ரெஷ் ஸ்டாக் சார்"னு எடுத்து வெச்சாங்க. தேதியைக் காட்டினதும் "அது பேட்ச் நம்பர் சார்"னாங்க. நான் சிரிச்சுட்டு வெளிய வந்துட்டேன்.

டிரெட்வேர்னு ஒரு எண்ணும் இருக்கலாம். எண் குறைய குறைய ரப்பர் மென்மை, பிடிமானம் அதிகம், ஆயுசு கம்மி. டிராக் பைத்தியங்கள் 200 தேடுவாங்க. முதல் வருஷம் போறவங்களுக்கு அது வேண்டாம்ங்கிறது என் கட்சி. காசு ஒரு காரணம். இன்னொண்ணு, அந்த மாதிரி டயர்ல பொதுவா வரிப்பள்ளம் கம்மி. ஐப்பசி மழையில பெருந்துறை பக்கம் ரோட்டுல தண்ணி நின்னா, டிராக்ல கிடைச்ச ரெண்டு செகண்டு அங்க உதவாது. கம்பெனி சொன்ன அதே சைஸ்ல, 300-ஐ ஒட்டின நல்ல ரோடு டயரே போதும். முன்சக்கரம் இழுக்கிற கார்ல முன் டயர்தான் இழுக்கும், திரும்பும், பிரேக்ல பெரும்பங்கும் தாங்கும். அதனால முன்னாடி சீக்கிரம் மொட்டையாகும், அதுக்கும் தயாரா இருங்க.

கிளம்புறதுக்கு முன்னாடி ஸ்டெப்னி, ஜாக்கி, தண்ணி பாட்டில், டேஷ்போர்டு பிள்ளையார் எல்லாத்தையும் டிராக்ல இறக்கி வைக்கணும்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. வீல் நட்டை டார்க் ரெஞ்ச்ல மேனுவல் சொல்ற அளவுக்கு இறுக்குங்க, முதல் ரவுண்டுகள் முடிஞ்சதும் இன்னொரு தடவை பாருங்க. பாலிசியையும் எடுத்துப் படிங்க. நம்ம ஊர் வழக்கமான மோட்டார் பாலிசியில ரேஸ், வேகச் சோதனை எல்லாம் விலக்குன்னு எழுதியிருக்கும். சுவர்ல இடிச்சா செலவு உங்களுது. இஎம்ஐ ஓடிட்டிருக்கிற கார்னா இதை ரெண்டு தடவை யோசிங்க.

கடைசியா காத்து. இதை யாரும் சரியா சொல்றதில்ல. காலையில ஆறின டயர்ல 32 பிஎஸ்ஐ வெச்சிருக்கீங்க. டிராக்ல உள்ளே இருக்கிற காத்து 75 டிகிரிக்குச் சூடானா அது 39-க்குப் பக்கம் போகும். டயர் உப்பி, நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், பிடிமானம் போகும். அதனால சூடா இருக்கிறப்போவே 34-க்கு இறக்குவோம். தோள்பட்டையில சாக்பீஸ்ல கோடு போட்டு, எது வரைக்கும் அழியுதுன்னு பார்த்து ஒண்ணு ரெண்டு கூட்டிக் குறைக்கலாம். இதுவரைக்கும் எல்லாருக்கும் தெரியும்.

சாயங்காலம் என்ன ஆகுது? டயர் ஆறுது. அந்த 34, ராத்திரி 30 டிகிரியில 28-க்குப் பக்கம் இறங்கிடும். கார்ல நாலு பேர், டிக்கி நிறைய சாமான், பைபாஸ்ல 100 வேகம். காத்து குறைஞ்ச டயரோட பக்கவாட்டு ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி மடங்கி உள்ளுக்குள்ளேயே சூடாகும். நாள் பூரா அடி வாங்கின டயர் வேற. வெடிக்கிறதுக்கு இதைவிட நல்ல சூழ்நிலை கிடையாது. வைகுந்தம் டோல்கேட்டுக்குத்தான் போகணும், பேர்ல இருக்கிற இடத்துக்கு இல்ல.

அதனால கடைசி ரவுண்டு முடிஞ்சதும் கிளம்பாதீங்க. டீ குடிங்க, சாமானை ஏத்துங்க, டயரைக் கையால தடவி வெட்டு, வீக்கம், கம்பி ஏதாவது தெரியுதான்னு பாருங்க. உள்பக்கத் தோளுக்கு ஸ்டியரிங்கை ஒடிச்சு வெச்சு டார்ச் அடிங்க. ஒரு மணி நேரம் ஆறின பிறகு, கதவுக்கிட்ட ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல முழு லோடுக்குன்னு போட்டிருக்கிற அளவுக்குக் காத்து ஏத்துங்க. பங்க்ல ஏர் மெஷின் ரிப்பேர்னு சொல்லிட்டா மாட்டிப்பீங்க, 12 வோல்ட் பம்ப் ஒண்ணு கையோட இருக்கட்டும். பெருந்துறை தாண்டி ஒரு டீக்கடையில நிறுத்தி இன்னொரு தடவை கேஜ் வெச்சுப் பாருங்க. நாலுல ஒண்ணு மட்டும் குறைஞ்சிருந்தா அது பஞ்சர். ஸ்டெப்னியைத் திரும்ப ஏத்தினீங்களா?