பழைய லென்ஸ், புது கேமரா, நடுவில் ஒரு வளையம்

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.)

போன எபிசோடு போட்டதிலிருந்து ஒரே கேள்வி விதவிதமா வந்துக்கிட்டே இருக்கு. "ப்ரோ, கேமரா வாங்கிட்டேன். கூட வந்த கிட் லென்ஸ் பத்தலை. அடுத்து ஒரு நல்ல லென்ஸை இ.எம்.ஐ.ல போடலாமா?" கேட்டவங்கள்ல பாதிப் பேர் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவங்க. ஒருத்தர் இன்னும் காலேஜே முடிக்கலை. அதனால இன்னைக்கு முழுக்க ஒரே விஷயம்தான். உங்க சித்தப்பா கல்யாணத்தை எடுத்த ஃபிலிம் கேமராவோட லென்ஸை இன்னைக்கு கேமராவில் மாட்டி வீடியோ எடுப்பது. நான் அதை பச்சைமலைக்குத் தூக்கிட்டுப் போய்ப் பார்த்தேன். அந்த அனுபவத்தை வெச்சுத்தான் பேசப்போறேன்.

என்கிட்ட இருப்பது இரண்டு பழைய லென்ஸ். ஒண்ணு, துறையூர்ல மூடப்போன ஒரு போட்டோ ஸ்டுடியோவிலிருந்து வந்தது. பென்டாக்ஸ் கே1000 கேமரா, அதோட 50 மி.மீ. எஃப்/2 லென்ஸ். கே1000 என்பது 1976-லிருந்து 1997 வரைக்கும் தயாரான மாடல். கேமராவோட ஷட்டர் செத்துப்போச்சு. லென்ஸ் மட்டும் கண்ணாடி மாதிரி, அட, கண்ணாடிதானே, அப்படியே இருந்தது. ஸ்டுடியோக்காரர் "கேமராவை ஷோகேஸ்ல வெச்சுக்கங்க தம்பி, லென்ஸை வேலைக்கு வெச்சுக்கங்க"ன்னு சொல்லிக் கொடுத்தார். ஊட்டியில் 'இந்து' ஃபிலிம் தயாரிச்ச ஃபேக்டரியே இல்லாமப் போச்சு, ஆனா அந்தக் காலத்துக் கண்ணாடிகள் இன்னும் பீரோவுக்குள்ள உட்கார்ந்திருக்கு.

இன்னொண்ணு நான் காசு கொடுத்து வாங்கினது. ஹீலியாஸ் 44-2, 58 மி.மீ. எஃப்/2. சோவியத் லென்ஸ். ஜெர்மனியின் கார்ல் சைஸ் யேனா நிறுவனத்தின் பயோட்டார் லென்ஸைப் பார்த்து, மாஸ்கோ பக்கத்துல க்ராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் ஆரம்பிச்ச வகை. ஜெனித் கேமராக்களோட வந்தது, எண்ணிக்கை எக்கச்சக்கம், அதனாலதான் இன்னும் கிடைக்குது. சீரியல் நம்பரோட முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் அது பிறந்த வருஷம். என்னுடையது 78-ல் ஆரம்பிக்குது. எனக்கு அண்ணன் இல்லை, சித்தப்பா முறை.

சரி, இது எப்படிப் புது கேமராவில் உட்காருது? லென்ஸ் மாட்டும் வளையத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரைக்கும் ஒரு தூரம் இருக்கு. ஃபிளேன்ஜ் தூரம்னு சொல்வாங்க. ஹீலியாஸோட எம்42 திருகு மவுண்ட்டுக்கும் பென்டாக்ஸ் கே மவுண்ட்டுக்கும் அது 45.46 மி.மீ. ஏன் அவ்வளவுன்னா, பழைய கேமராக்களுக்குள்ள கண்ணாடி ஒண்ணு மேலும் கீழும் ஆடும், அதுக்கு இடம் வேணும். மிரர்லெஸ்ல அந்தக் கண்ணாடியே கிடையாது. சோனி இ மவுண்ட்ல 18 மி.மீ.தான். கழிச்சா 27.46. அந்த நீளத்துக்கு ஒரு வெறும் உலோகக் குழாய். அவ்வளவுதான் அடாப்டர். உள்ளே கண்ணாடி கிடையாது, சிப் கிடையாது. நான் ஆன்லைன்ல வாங்கின இரண்டும் சேர்த்து ஒரு பிரியாணி பார்ட்டி செலவுதான்.

டி.எஸ்.எல்.ஆர். வெச்சிருக்கவங்க கொஞ்சம் கவனிங்க. கேனான் இ.எஃப். மவுண்ட் 44 மி.மீ., அதனால எம்42 லென்ஸ் ஒரு மெல்லிய வளையத்தோட உட்கார்ந்துடும். நிக்கான் எஃப் மவுண்ட் 46.5. எம்42-ஐ விட அதிகம். மாட்டலாம், ஆனா தூரத்து மலை ஃபோகஸ் ஆகாது. அதுக்கு உள்ளே கண்ணாடி வெச்ச அடாப்டர் விக்கிறாங்க, அது படத்தைக் கெடுக்கும், வேண்டாம். நிக்கான்காரங்க பழைய நிக்கான் லென்ஸே தேடுங்க. 1959-லிருந்து அதே மவுண்ட்தான்.

இப்போ வீடியோவுக்கு வர்றேன். போட்டோவை விட வீடியோவுக்குத்தான் இது அதிகம் பொருந்தும்னு நினைக்கிறேன். புது மிரர்லெஸ் லென்ஸ்கள்ல நிறைய லென்ஸுக்கு ஃபோகஸ் வளையம் எதோடும் இணைஞ்சிருக்காது. நீங்க திருப்பினா அது ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பும், உள்ள இருக்குற மோட்டார் ரெஸ்பான்ஸ் கொடுக்கும். வேகமா திருப்பினா ஒரு அளவு நகரும், மெதுவா திருப்பினா வேற அளவு. பழைய லென்ஸ்ல நடுவுல சாஃப்ட்வேரே இல்லை. கோடு போன தடவை எங்க இருந்ததோ இந்தத் தடவையும் அங்கதான். நாள் முழுக்க சாஃப்ட்வேர் எழுதுற எனக்கு அது தர்ற நிம்மதியைச் சொல்லி மாளாது. ஹீலியாஸ்ல இன்னொரு வசதி. அதுக்கு அப்பர்ச்சர் வளையம் இரண்டு. ஒண்ணு வரம்பு வைக்க, இன்னொண்ணு க்ளிக் சத்தமே இல்லாம வழுக்கிக்கிட்டுத் திரும்ப. காட்சி ஓடும்போதே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

பச்சைமலைக்குப் போனது என் நண்பனுக்காக. அவன் ஊரே அந்த மலைதான், மலையாளி பழங்குடி. திருச்சியிலிருந்து துறையூர், உப்பிலியபுரம், சோபனபுரம், அப்புறம் கொண்டை ஊசி வளைவுகள் ஏறினா டாப் செங்காட்டுப்பட்டி. அங்கிருந்து இன்னும் உள்ள. அவன் பாட்டிக்கு எண்பதுக்கு மேல. அவங்க பேசுறதை ஒரு நாள் உட்கார்ந்து பதிவு பண்ணணும்னு அவன் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருந்தான். அதோட இன்னொண்ணு: அவங்க இருந்த பழைய மண்சுவர் வீட்டை இடிச்சுட்டு கான்கிரீட் வீடு கட்டப்போறாங்க. மழைக்கு ஒழுகாத வீடு வேணும், நியாயம்தான். ஆனா பாட்டி அந்த வீட்டுக்கு முன்னாடி உட்கார்ந்து பேசுற வீடியோ எடுக்க அதுதான் கடைசி வாய்ப்பு.

முதல் பிரச்சினை வெயில். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால நான் 25 ஃபிரேம், 1/50 ஷட்டர்னு வெச்சுக்குவேன், அப்போதான் வீட்டுக்குள்ள பல்ப் வெளிச்சம் துடிக்காது. அந்த ஷட்டர்ல, ஐ.எஸ்.ஓ. 100-ல, உச்சி வெயிலுக்கு எஃப்/22 வேணும். எஃப்/2.8-க்கு வரணும்னா 6 ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்கணும், அதாவது என்.டி.64 ஃபில்டர். லாக்ல எடுக்குறவங்க ஐ.எஸ்.ஓ. 800-னா இன்னும் 3 ஸ்டாப் சேர்த்துக்கங்க. அதிர்ஷ்டவசமா என் இரண்டு லென்ஸுக்கும் ஃபில்டர் அளவு 49 மி.மீ.தான், ஒரே ஃபில்டர் போதும். லென்ஸை விட நல்ல என்.டி. ஃபில்டர் விலை அதிகம். இந்த விளையாட்டுல காசு போற இடம் அதுதான், அதை யாரும் முன்கூட்டிச் சொல்றதில்லை.

இப்போ ஹீலியாஸோட பேர் பெற்ற குணம். பின்னால இலைகள், அதுக்கு நடுவுல பொட்டுப் பொட்டா வானம். எஃப்/2-ல திறந்தா அந்தப் பொட்டுகள் எல்லாம் முகத்தைச் சுத்திச் சுழலும். ஓரத்துல விழுற ஒளிவட்டம் லென்ஸ் குழலோட விளிம்புல வெட்டுப்பட்டு பூனைக்கண் வடிவத்துக்கு வரும், அதெல்லாம் வட்டமா அடுக்கி நிக்கும், அதான் சுழல் மாதிரி தெரியுது. நண்பனோட கேமரா ஃபுல் ஃபிரேம், அதுல நல்லாவே சுழன்றது. என்னுடையது ஏ.பி.எஸ்.சி., ஓரம் வெட்டுப்படுறதால சுழல் பாதி காணாமப் போயிடும். வாங்குறதுக்கு முன்னாடி இதைத் தெரிஞ்சுக்கங்க.

பலா மரமும் மூங்கிலும் நிக்குற மலையில் இந்த லென்ஸுக்குக் கொண்டாட்டம். பாட்டி வாசல்ல உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு சீவிக்கிட்டிருந்தாங்க. நண்பனுக்கு ஹீலியாஸ்தான் வேணும். அந்த வெயில்ல நிழல் கரேல்னு விழாம, ஒரு மெல்லிய பால் படிஞ்ச மாதிரி வரும். பழைய ஒற்றைப் பூச்சுல ஒளி உள்ளுக்குள்ள சிதறுறதால வர்ற விளைவு அது. சிலர் இதை "டைனமிக் ரேஞ்ச் கூடுது"ன்னு சொல்றாங்க. கூடலை. நிழல் மேல கொஞ்சம் வெளிச்சம் தெளிக்குது, அவ்வளவுதான்.

நான் ஒரு சோதனை வெச்சேன். முதல் பத்து நிமிஷம் ஹீலியாஸ், எஃப்/2, 1.2 மீட்டர் தூரம். அடுத்த பத்து நிமிஷம் பென்டாக்ஸ், எஃப்/8, 2 மீட்டர் தள்ளி. இரண்டையும் லேப்டாப்ல போட்டுப் பாட்டிகிட்டயே காட்டினோம். முதல் வீடியோவைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. "ஏன் தம்பி, பின்னாடி என்னமோ கலக்கி விட்ட மாதிரி இருக்கு?" இரண்டாவது ஓடும்போது முகத்தைப் பார்க்கவே இல்லை. சுவரைக் காட்டி, திண்ணையைக் காட்டி, இது யார் பூசினது, அந்த மரம் எந்த வருஷம் வெச்சதுன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. நண்பன் அவசரமா ரெக்கார்டரை ஆன் பண்ணினான். அன்னைக்குக் கிடைச்சதுலயே முக்கியமான பேச்சு அதுதான்.

அதனால என் கருத்து இது, சண்டைக்கு வர்றவங்க வரலாம்: ஒரு மனுஷர் தன் வீட்டு வாசல்ல உட்கார்ந்து பேசும்போது, அந்த வீட்டை அழகான மங்கலா மாத்துற உரிமை நமக்கு இல்லை. அதுவும் மலைக்கு வெளியிலிருந்து கேமராவோட போற நமக்கு. பச்சைமலை, கொல்லிமலைன்னு தேடிப் பாருங்க, மக்கள் எல்லாரும் கனவுல மிதக்குற மாதிரியே இருப்பாங்க. பின்னால தண்ணிக்குழாய் இருக்கா, ரோடு இருக்கா, ஒண்ணும் தெரியாது. ஹீலியாஸைக் காட்டுக்கு வெச்சுக்கங்க, கோரையாறு அருவிப் பாதையில் வர்ற வெளிச்சத்துக்கு வெச்சுக்கங்க. சாரல் மட்டும் படாம பார்த்துக்கங்க, பழைய லென்ஸ்ல தண்ணியைத் தடுக்க எதுவும் இல்லை. காப்புக்காடுகளுக்குள்ள எடுக்கணும்னா வனத்துறை அனுமதி தனி.

எஃப்/8-ஐத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம் கணக்கு. ஃபுல் ஃபிரேம்ல 58 மி.மீ., எஃப்/2, 1.2 மீட்டர்னா கூர்மையா இருக்கும் ஆழம் சுமார் 5 செ.மீ. பாட்டி கிழங்கு எடுக்கக் குனிஞ்சா போச்சு. 50 மி.மீ., எஃப்/8, 2 மீட்டர்னா முக்கால் மீட்டர் கிடைக்கும். ஃபோகஸ் வளையத்தைக் கையால திருப்புற நமக்கு அந்த முக்கால் மீட்டர் பெரிய சுதந்திரம். கேமராவை விட்டுட்டு அவங்க கண்ணைப் பார்த்துப் பேசலாம்.

ஆட்டம் தடுக்கிற வசதி பாடியிலேயே இருந்தா, லென்ஸ் எத்தனை மி.மீ.ன்னு மெனுவுல நீங்களே எழுதணும். லென்ஸ் மாத்தும்போது நம்பரையும் மாத்துங்க, இல்லாட்டி படம் ஜெல்லி மாதிரி ஆடும். அப்புறம், அகலமான காட்சிக்குப் பழைய லென்ஸ் தேடாதீங்க. ஏ.பி.எஸ்.சி.ல 50 என்பது 75 மாதிரி நடந்துக்கும், சின்ன வீட்டுக்குள்ள சுவரோட ஒட்டி நிக்கணும். அங்க உங்க கிட் லென்ஸ்தான் ராஜா.

ஹாலிவுட்டும் இதையே பண்ணுதேன்னு கேப்பீங்க. பண்ணுது. 2024-ல் வந்த 'டூன்' இரண்டாம் பாகத்துல ஒளிப்பதிவாளர் க்ரெய்க் ஃப்ரேசர் பழைய சோவியத் லென்ஸ்களைப் பயன்படுத்தினார். உக்ரைன் நிறுவனமான அயர்ன்கிளாஸ் அவற்றைப் புது உலோக உறையில் போட்டுக் கொடுத்தது. குப்ரிக் 1975-ல் 'பாரி லிண்டன்' படத்துக்கு நாசாவுக்காகச் செஞ்ச 50 மி.மீ. எஃப்/0.7 சைஸ் லென்ஸை வெச்சு மெழுகுவத்தி வெளிச்சத்துல எடுத்தார். இந்தக் கதைகளைச் சொல்லியே "சினிமாட்டிக் லென்ஸ்"னு விலையை ஏத்துறவங்க இருக்காங்க. அந்த விலைக்குப் போனா, நீங்க தப்பிக்க நினைச்ச இ.எம்.ஐ.க்கே திரும்பிடுவீங்க.

வாங்கும்போது ஒரே ஒரு பரிசோதனை கட்டாயம். அப்பர்ச்சரை முழுசா திறந்து, லென்ஸுக்குப் பின்னாலிருந்து போன் டார்ச் அடிச்சு, முன்னாலிருந்து சாய்வாப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருந்தா பூஞ்சை. நம்ம ஊர் ஈரத்துல இதுதான் பெரிய எதிரி. கண்ணாடிப் பூச்சையே அரிச்சிருக்கும், துடைச்சாலும் தடம் போகாது. ரெண்டு மூணு தூசிக்குப் பயப்படாதீங்க, படத்துல தெரியாது. வீட்டுல வைக்கும்போது தோல் உறையில வைக்காதீங்க, அது ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ள சிலிக்கா ஜெல், முடிஞ்சா ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள்ள வெச்சுக்கங்க. அரிசிப் பானைக்குள்ள வைக்கிற வைத்தியம் வேண்டாம், மாவுதான் போகும்.

ஸ்ரீரங்கத்துலயும் சத்திரம் பக்கத்துலயும் பழைய ஸ்டுடியோக்கள்ல பெரியவங்க யாராவது இருந்தா, விலை கேக்குறதுக்கு முன்னாடி, அவங்க அந்த லென்ஸ்ல என்ன எடுத்தாங்கன்னு கேளுங்க. துறையூர்க்காரர் என்கிட்ட ஒரு மணி நேரம் பேசினார். எந்த அப்பர்ச்சர்ல அந்த பென்டாக்ஸ் ரொம்பக் கூர்மை, எந்தப் பக்கம் வெயில் வந்தா கைய மறைக்கணும், எல்லாம் அவர் சொன்னதுதான்.

பாட்டியோட வீடியோ இப்போ நண்பனோட ஹார்டு டிஸ்க்ல இரண்டு காப்பி, என்கிட்ட ஒண்ணு. அதை வெளியில போடப்போறதில்லை, அது அவங்க குடும்பத்துக்கு. அடுத்த வாரம் மைக் பத்திப் பேசலாம், ஏன்னா அந்த மலைக்காத்துல குரல் பிடிக்கிறது லென்ஸை விடப் பெரிய கதை. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள.